கூட்டிப் பெருக்கிய கிழங்குக்காடு

சுத்தத்தால் குடும்பத்தைக் கெடுத்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் ஒருத்தி இருக்கிறேன். ஐம்பது வயது தாண்டிவிட்டது. இன்றைக்கும் துடைப்பத்தை எடுத்தால் ஒரு நொடி கை தயங்குகிறது.

எண்பதுகளில் ஒரு தை மாதம். கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் எங்களுக்கு மலைச்சரிவில் நாலு அடுக்கு நிலம். முக்கால் ஏக்கர்கூடத் தேறாது. நாலிலும் உருளைக்கிழங்கு போட்டிருந்தோம். அந்த வருஷம் கார்த்திகையில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. அதற்குப் பதிலாகத் தையில், யாரும் பார்த்திராத மாதிரி உறைபனி விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தால் செடியெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கியது. அப்பா ஒரு செடியைப் பிடுங்கினார். வேரில் சுண்டைக்காய் அளவில் நாலு கிழங்கு. அவர் அதை மறுபடியும் மண்ணுக்குள் வைத்து, மேலே அழுத்திவிட்டார். (வளரும் என்றா? தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.)

வீட்டிலிருந்த விதைக்கிழங்கு முழுவதும் அந்த மண்ணுக்குள் போயிருந்தது. அடுத்த விதைப்புக்கு ஒன்றும் இல்லை. விதை கிடைக்காவிட்டால் அப்பா கீழே பண்ணைக்காடு ஊருக்குக் காப்பித்தோட்டக் கூலியாகப் போக வேண்டும். அதுவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் குனியாத மனிதர் அவர்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பனியில் பயிர் கருகிய சிறு விவசாயிகளுக்கு அரசாங்கம் இலவசமாக விதைக்கிழங்கும் உரமும் தரும். மனு கொடுத்தால் ஆபீசர் நேரில் வந்து பார்த்து எழுதிக்கொள்வார். மனு எழுத எங்கள் வீட்டில் ஆள் இருந்தது. கொடைக்கானலில் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் தங்கி, பத்தாம் வகுப்பு முடித்து வந்திருந்தேன். வயது பதினேழு. எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது என் எண்ணம். அதைவிட மோசம், என் அப்பாவின் எண்ணமும் அதுதான்.

அந்தப் பள்ளியில் வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி பார்வையிட வருவார். ஒரு வாரம் முன்பே எங்களைத் தரையைத் தேய்க்க விடுவார்கள். பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வார்கள். அவர் வந்து, பார்த்து, "நன்று" என்று எழுதிவிட்டுப் போவார். அரசாங்கத்தைப் பற்றி எனக்கு இருந்த மொத்த அறிவும் இதுதான்.

"அப்பா, ஆபீசர் புதன்கிழமை வர்றாரு. காடு இந்த லட்சணத்துல கெடந்தா என்ன நெனப்பாரு?"

"செத்தது செத்தமேனிக்குக் கெடக்கட்டும் தாயி. அதத்தானே பாக்க வர்றாரு."

"நாறுதுப்பா. படிச்சவங்க கால் வைக்கிற எடம். நமக்கு அக்கறை இல்லேன்னு எழுதிட்டா?"

அப்பா அம்மாவிடம், "படிச்ச புள்ள சொல்லுது" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

மூன்று நாள். கருகிய செடி ஒன்று விடாமல் பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டோம். கொத்தினோம், சமன் செய்தோம். அடுக்குகளின் ஓரக்கல்லுக்கு நான் சுண்ணாம்பு அடித்தேன். பக்கத்துக் காட்டுக் கருப்பையா மாமா பீடியோடு வந்து எட்டிப் பார்த்தார். அவர் நிலத்தில் எல்லாம் அப்படியே அழுகிக்கொண்டிருந்தது. குளிர் விட்ட பிறகு பார்க்கலாம் என்று படுத்தே கிடந்தவர்.

"ஏ மருமகளே, சோலி முடிஞ்சதும் வெரசா ஏங்காட்டையும் கூட்டி விட்டுட்டுப் போறியா?"

"நீங்களே செய்யுங்க மாமா. ஆபீசர் பாத்தா சிரிப்பாரு."

புதன்கிழமை ஆபீசர் ஜீப்பில் வந்தார். நான் டேலியாப் பூங்கொத்தோடு நின்றேன். (ஆமாம், பூங்கொத்து. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.) அவர் வாங்கிக்கொண்டு நாலு அடுக்கையும் ஒரு முறை பார்த்தார்.

"நிலத்த ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. எப்ப விதைக்கப் போறீங்க?"

"தேங்க் யூ சார்!" என்றேன்.

அப்பாதான் முதலில் புரிந்துகொண்டார். "அய்யா, கிழங்கு போட்டிருந்தோம்ங்க. பனி கருக்கிருச்சு. நாங்கதான் பிடுங்கிட்டோம்."

"ஏன் பிடுங்குனீங்க?"

அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குப்பைக்குழிக்கு ஓடி, இரண்டு கையாலும் தோண்டி, கறுப்புக் கூழ் போன்ற ஒன்றை அள்ளி வந்து நீட்டினார். முழங்கை வரை வழிந்தது. அந்தக் கைகளை நான் மறக்க வழியே இல்லை.

ஆபீசர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "பெரியவரே, இது எந்தக் காட்டுல இருந்த செடின்னு நான் எப்படி எழுத முடியும்? நிலத்துல பயிர் இல்லேன்னுதான் எழுத முடியும்." பூங்கொத்தைப் பிடித்தபடியே கருப்பையா மாமா காட்டுக்குள் இறங்கினார். மூக்கைப் பொத்திக்கொண்டு, முழுச் சேதம் என்று எழுதினார்.

மாமாவுக்கு மூட்டை மூட்டையாக விதை வந்து இறங்கியது. அவர் எங்களுக்கு ஒரு சாக்கு கொண்டுவந்தார். அப்பா வாங்கவில்லை. மாசி முடிவதற்குள் அம்மாவோடு பண்ணைக்காட்டுக்கு இறங்கிவிட்டார். அந்த வருஷம் முழுவதும் எங்கள் நிலம் வெள்ளைக்கல் ஓரத்தோடு, அவ்வளவு அழகாக, சும்மா கிடந்தது.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அத்தோடு தீர்ந்திருக்கும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்தான் முதன்முதலாக அதைப் பேசினார். "எம்மக ரொம்பச் சுத்தம்ங்க. கவர்மென்ட்டே அசந்து போச்சு." எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே காப்பித் தம்ளரோடு நின்று அழுதேன். அந்தக் கேலி அன்று தொடங்கியது. இன்றைக்கும் விருந்தாளி வருவதற்கு முன் நான் வீட்டை ஒதுங்க வைத்தால், என் கணவர், "வேணாம்மா, நிவாரணம் போயிரும்" என்பார்.

என் மகன் படித்துவிட்டு, சொல்லச் சொல்லக் கேளாமல், அதே நாலு அடுக்கில் போய் விவசாயம் பார்க்கிறான். இப்போது மழைக்கும் பனிக்கும் மாதக் கணக்கே இல்லை. நான் கல்யாணமாகி வந்த கொடைக்கானலில் மேகம் கறுத்தால் போதும். உடனே அவனுக்குப் போன் போடுவேன். போன வருஷம் ஆலங்கட்டி மழையில் அவன் பீன்ஸ் முழுவதும் தரையோடு தரையாகிவிட்டது. ஆபீசர் வியாழக்கிழமை வருகிறார் என்றான்.

"நான் வெள்ளனே பஸ் ஏறி வந்துர்றேன்டா. கூடமாட ஒத்தாசையா இருப்பேன்."

"அம்மா, நீங்க வெள்ளிக்கிழமை வாங்க."

வெள்ளிக்கிழமைதான் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அழுகல் வாடை வந்தது. இரண்டு கையையும் சேலைக்குள் மடக்கிக்கொண்டு, வரப்போடு நின்று பார்த்துவிட்டு வந்தேன்.