மிக அருகில்

சேலையூரில் லாசரஸின் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்தான். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால், அவர் மனைவி கிருபா சமையலறையிலிருந்தே தப்பைத் திருத்துவாள். ஆனாலும் மகள் ஜெனியை எல்.கே.ஜி.யில் சேர்க்க, ‘அருகில் வசிப்பவர்’ என்ற சான்றிதழை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் இடம் போய்விடும்.

சான்றிதழ் கொடுக்கும் அலுவலர் அச்சுதன் கடமை தவறாதவர்.

“அருகில்னு எதை வெச்சு சொல்றீங்க?”

“கையை நீட்டினா ஸ்கூல் மதில் சார்.”

“கையெல்லாம் ஆவணம் ஆகாது. அச்சுல எங்கயாவது இருக்கா? இவரைப் பாருங்க.”

வரிசையில் முன்னால் நின்ற ஜாபர் பளபளப்பான மனை விளம்பரம் ஒன்றை நீட்டினார். அவர் வீடு கட்டிக் குடியிருக்கும் அந்த மனை இருப்பது கேளம்பாக்கமும் தாண்டி, பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் மண் ரோட்டில். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் ‘சேலையூர் பள்ளிகளுக்கு மிக அருகில்’ என்றிருந்தது. அச்சுதன் மேற்படி ஆவணத்தைக் கூர்ந்து பரிசீலித்து முத்திரை குத்தினார்.

“அங்கேருந்து வரவே ரெண்டு மணி நேரம் ஆகுமே சார்?” என்றார் லாசரஸ்.

“தூரம் வேற டிபார்ட்மென்ட். நாங்க அருகில் மட்டும்தான் பார்க்கிறோம்.”

ஜாபருக்கே கூச்சமாகிவிட்டது. “நீங்களும் ஒரு நோட்டீஸ் அடிச்சிடுங்க சார்,” என்று காதோடு சொன்னார்.

லாசரஸ் அடித்தார். ‘பள்ளிக்கு மிக அருகில்! முந்துங்கள்!’ அச்சகத்துக்காரர் தன் பங்குக்கு ஓர் அருவிப் படத்தையும் லாசரஸின் போன் நம்பரையும் சேர்த்தார். ஆயிரத்துக்குக் குறைந்து அடிக்க மாட்டாராம். மீதியை வழக்கம்போல் தினசரிப் பேப்பரில் செருகி அனுப்பிவிட்டார். அருவியைப் பார்த்ததும் அச்சுதனுக்கு முழுத் திருப்தி. ஜெனிக்கு இடம் கிடைத்தது. கிருபா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

மறுநாளிலிருந்து வீடு கேட்டு ஓயாமல் போன். “விக்கிறதா இல்லைங்க,” என்று லாசரஸ் முதல் நாள் எரிந்து விழுந்தார். இரண்டாம் நாள், “எவ்வளவு தருவீங்க?” என்று கேட்டார், சும்மா தெரிந்துகொள்ளத்தான். மூன்றாம் வாரம் வீட்டை விற்று, ஜாபரின் பக்கத்து மனையை வாங்கினார். இடம் இரண்டு மடங்கு பெரிசு, சான்றிதழும் அங்கே செல்லும்.

அங்கே வீடும் கட்டிக் குடிபோயாயிற்று. இப்போது ஜெனி விடிவதற்குள் ஸ்கூல் வேனில் ஏறி, ஜாபர் மகள் ஷாயிஸ்தாவின் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். வீடு எங்கே என்று ஆபீஸில் யாராவது கேட்டால் லாசரஸ் கொஞ்சமும் கூசுவதில்லை.

“ஜெனி ஸ்கூலுக்குப் பக்கத்துலதான் சார்.”