குளித்துவிட்டுக் குளத்தில் இறங்கவும்

ரெய்க்யவிக்,
பிப்ரவரி 9, வியாழன்

பத்திரிகை ஆசிரியர் ஹல்டோரா அவர்களுக்கு, எங்கள் பேட்டை நீச்சல் குளத்தில் ஆண்கள் குளியலறைக் காவலனாக இருக்கும் தோர்கெய்ரின் வணக்கம். நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். தங்கள் நலத்தையும் தங்கள் பத்திரிகையின் நலத்தையும் விரும்புகிறேன். பின்னதில்தான் இப்போது சந்தேகம்.

சனிக்கிழமை இதழில் ‘நம் தலைநகருக்கு வரும் பயணிகளுக்குப் பத்து யோசனைகள்’ போட்டிருந்தீர்கள். குடை கொண்டுவராதே, காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும், சரி. கார்க் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திற, சரி. குழாய்த் தண்ணீரையே குடி, ரொம்ப சரி. ஆனால் குளத்தில் இறங்கும் முன் ஒட்டுத்துணி இல்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும் என்று ஒரு வரி உண்டா? அம்மா, இந்த ஊரில் அதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது? நம் தண்ணீரில் கிருமி கொல்லும் மருந்து அதிகம் கலப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் தேய்த்துக் குளித்திருப்பான் என்று நம்பித்தானே கழுத்தளவு வெந்நீரில் அவனோடு உட்கார்ந்து அரசியல் பேசுகிறோம்?

அந்த ஒரு வரி இல்லாததால் என் வேலைக்கே ஆபத்து வந்துவிட்டது. திங்கட்கிழமை பாஸ்கல் என்றொரு பெல்ஜியக்காரர், உங்கள் பத்து யோசனைகளையும் படித்துவிட்டு வந்தவர், நீச்சல் உடையோடு விறுவிறுவென்று என்னைத் தாண்டிப் போனார். நிறுத்தினேன். “காலையிலேயே ஹோட்டல்ல குளிச்சிட்டேனே” என்றார். “அது ஹோட்டலுக்கு. இது எங்க தண்ணிக்கு” என்றேன். உடையோடேயே குழாயடியில் நின்றுவிட்டு வந்தார். “இதுக்குப் பேர் துணி துவைக்கிறது” என்று திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தடவை, சுவரிலிருக்கும் படத்தில் சிவப்பு வட்டம் போட்ட நான்கு இடங்களையும், தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம் என்று சத்தமாக வாசித்துக் காட்டி, முதுகு தேய்க்கும் பிரஷ்ஷையும் நீட்டினேன். மனிதர் குளித்தார். குளித்துவிட்டு நேரே போய், அவமானப்படுத்திவிட்டேன் என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் மேலாளர் பிர்னா, கைக்குழந்தையாக இதே குளத்தில் நீந்தப் பழகியவள், என்னைக் கூப்பிட்டு, “தோர்கெய்ர், வெள்ளிக்கிழமைக்குள்ள மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுங்க. இல்லேன்னா சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க” என்கிறாள். முப்பத்தொரு வருஷம், அம்மா. தலை நனையவில்லை என்று ஒரு பேராயரையே திருப்பி அனுப்பியவன் நான். அவரும் போய் நனைத்துக்கொண்டு வந்தார். எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வெந்நீர்த் தொட்டியில் தினமும் ஊறும் ஸ்வெய்ன், “ஒனக்காக நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடத் தயார்டா. காகிதம் நனைஞ்சிடுமேன்னுதான் யோசிக்கிறோம்” என்கிறான். ஆகவே இந்தக் கடிதத்தை முதல் பக்கத்தில் போட்டு, பதினோராவது யோசனையையும் சேர்த்து, என் சாவியைக் காப்பாற்ற வேண்டியது உங்கள் பொறுப்பு.

தங்கள் வீட்டுக் குழாய்களில் வெந்நீர் என்றும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து நிற்கும்
தோர்கெய்ர்

பி.கு.: மேலே உள்ளதைப் போடவேண்டாம். எழுதி முடித்த பெருமையில், பனிக்காற்றும் விரட்ட, உடை மாற்றிக்கொண்டு நேரே தொட்டியில் இறங்கிவிட்டேன். உள்ளே பாஸ்கல் இருந்தார். புகார் கொடுத்த பிறகும் தினமும் வருகிறார். நனையாத என் தலைமுடியைப் பார்த்தார். “ஐயா, குளிச்சீங்களா?” என்றார். ஸ்வெய்ன் வானத்தைப் பார்த்தான். நான் எழுந்து போனேன். அவர் பின்னாலேயே வந்து, நான்கு இடத்தையும் சத்தமாக வாசித்து, பிரஷ்ஷை நீட்டினார். மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டேன். சாவி என்னிடமே இருக்கிறது. எனக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் கதவருகே நிறுத்தப் பாஸ்கலைச் சிபாரிசு செய்திருக்கிறேன். ஒரு வெளிநாட்டுக்காரருக்கு நாலே நாளில் இவ்வளவு கற்றுக்கொடுத்தது யார் என்பதை மட்டும் வேண்டுமானால் போடுங்கள்.