முழு ஆதரவோடு மூன்றரை அடி

எதிர்ப்பாளரை எல்லோருக்கும் தெரியும். கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து, மைக்கைப் பிடித்து, 'இது வீண் செலவு' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விடுவார். அவரால் பெரிய கெடுதல் இல்லை. அவரை மறுத்துப் பேசலாம், சண்டை போடலாம், கை தூக்கித் தோற்கடிக்கலாம். நான் சொல்லவந்தது வேறொரு பிறவியைப் பற்றி. அவர் பெயர் முழு ஆதரவாளர்.

எப்படி அடையாளம் காண்பது? சுலபம். இரண்டாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் இருப்பார். முதல் வரிசை கர்வம், மூன்றாவது வரிசை அலட்சியம் என்பது அவர் எண்ணம். சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, ஒன்று இரவல் கொடுக்க. யார் பேசினாலும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். பேசுகிறவர் அந்தத் தலையைப் பார்த்துத்தான் தைரியமாகப் பேசி முடிப்பார். பிறகு இவர் எழுந்திருப்பார். நெஞ்சில் கை வைப்பார். "முதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். இந்தத் திட்டத்துக்கு என் முழு ஆதரவு உண்டு" என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் திட்டத்துக்கு உடம்புக்கு முடியாமல் போயிருக்கும்.

எங்கள் பகுதியின் முழு ஆதரவாளர், மருந்துக்கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருப்பவர். நல்ல மனிதர். கேலிக்குச் சொல்லவில்லை. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் மாத்திரையோடு வாசலில் நிற்பார். இந்தப் பிறவியில் கெட்டவர்களே கிடையாது; சிக்கலே அதுதான்.

எங்கள் பகுதிக்கு டைவிங் குளம் கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கியது. தானாக ஒதுக்கவில்லை. மின்சார அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் ஓர் அம்மா, மாலையில் பதினொரு பிள்ளைகளுக்கு டைவிங் சொல்லிக் கொடுக்கிறார். அவர் ஆறு வருடம் மனு எழுதி, கையெழுத்து வாங்கி, படி ஏறி இறங்கி வரவழைத்த பணம் அது. இங்கே இருக்கும் நீச்சல் குளம் ஆழமில்லாதது. அதனால் பிள்ளைகள் ஒரு பழைய கிடங்கில், பலகையிலிருந்து மெத்தைமேல் குதித்துப் பழகுகிறார்கள். தண்ணீர் இல்லாமல் டைவிங் பழகும் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தொப்பென்று விழுந்து, எழுந்து, பழக்கத்தில் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள்.

அவர்களில் ஒரு பதினேழு வயதுப் பெண் மாவட்டங்களுக்கு இடையிலான போட்டியில் மூன்றாவதாக வந்தாள். அவளுக்கு மட்டும் சனிக்கிழமைதோறும் நிஜத் தண்ணீர். நர்ஸாக இருக்கும் அவள் அம்மா, மற்றவர்களுடைய ராத்திரி வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, சனிக்கிழமையை விடுப்பாக வாங்கி, ஆழமான குளம் இருக்கும் ஊருக்கு நாலு மணி நேரம் பஸ்ஸில் அழைத்துப் போவார். அன்றே நாலு மணி நேரம் திரும்பி வருவார். 'இங்க குளம் வரும்னு தெரிஞ்சா இன்னும் ஒரு வருஷம் ஓட்டிடுவேன். வராதுன்னா நிறுத்திக்கலாம், என் உடம்பு தாங்கல' என்று மகளிடம் சொல்லிவிட்டார். அரசாங்கம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: குடியிருப்போர் கூட்டம் வரைபடத்தை ஒப்புக்கொண்டு, மாதக் கடைசிக்குள் தீர்மானம் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

கூட்டம் நடந்தது. நாற்காலி போட்டவள் நான் என்பதால் கடைசிவரை இருந்தேன். முழு ஆதரவாளர் எழுந்தார், நெஞ்சில் கை வைத்தார், கைதட்டல் வாங்கினார்.

"ஒரு சின்னச் சந்தேகம். ஆழம் பதினாறு அடின்னு போட்டிருக்கு. அச்சுப் பிழைதானே?"

"இல்ல சார். முப்பத்து மூணு அடி உயரத்துலேர்ந்து குதிக்க அவ்வளவு வேணும்" என்றார் பயிற்சியாளர்.

"முப்பத்து மூணு அடியா! ஏம்மா, பிள்ளைங்க ஏறற இடம்மா அது. விழுந்துட்டா?"

"விழறதுதான் சார் விளையாட்டே."

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் அவர்தான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உயரத்தைப் பத்தடியாகக் குறைக்கச் சொன்னார். மாடி வீட்டு அம்மாள் ஒருவர், அவ்வளவு உயரத்தில் ஏறினால் தன் வீட்டுக் குளியலறை ஜன்னல் தெரியும் என்று எழுந்து நின்று சொன்னதால் அது உடனே நிறைவேறியது. உயரம் குறைந்தபின் ஆழம் எதற்கு? அதுவும் பத்தடியானது. பத்தடி ஆழத்தில் நீச்சல் தெரியாத பிள்ளை விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. மூன்றரை அடியானது. மூன்றரை அடித் தண்ணீரில் பத்தடி உயரத்திலிருந்து குதித்தால் மண்டை உடையுமே என்று முழு ஆதரவாளரே பதறிப்போய், உயரத்தை மூன்று படியாக்கினார். தவறு கண்ட இடத்தில் தன்னையே திருத்திக்கொள்ளும் குணம் எத்தனை பேருக்கு வரும்?

குதிக்கும் பலகை ஆடுமே என்று ஒருவர் குறை சொன்னார். கான்கிரீட்டில் போடலாம் என்று முடிவானது. பலகையின் நுனியில் பாதுகாப்புக்கு ஒரு கம்பி.

"நுனியில கம்பி வச்சா எப்படி சார் குதிக்கறது?"

"பிடிச்சுக்கிட்டு குதிக்கலாமேம்மா."

மிச்சப்படும் பணத்தில், டைவிங்கை உட்கார்ந்து பார்க்க இருநூறு பேருக்குக் கூரையோடு இருக்கை.

கூட்டத் தலைவரான பல் டாக்டர், திருத்திய வரைபடத்தை ஓட்டெடுப்புக்கு விட்டார். ஆதரிப்போர் கை தூக்கச் சொன்னார். ஏறக்குறைய எல்லாக் கைகளும் எழும்பின. நானும் தூக்கினேன். சுற்றிலும் எல்லோரும் தூக்கும்போது மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார எனக்குத் தைரியம் போதாது. எதிர்ப்போர் என்றபோது ஒரே ஒரு கை. பயிற்சியாளருடையது. கூட்டக் குறிப்பில் அது அப்படியே ஏறியது: 'டைவிங் குளத்தை எதிர்த்தவர் ஒருவர். டைவிங் பயிற்சியாளர்.'

கூட்டத்துக்கு மனசு உடைந்துபோனது. "இவ்வளவு பேர் ஒத்துழைச்சும் ஒரு நன்றி இல்ல பாருங்க." "ஆறு வருஷமா கேட்டது இவங்கதானே?" "வேணும்னு கேட்டவங்களே வேண்டாம்னா யார்தான் என்ன செய்யறது?" தலைவர் மட்டும் கொஞ்சம் யோசித்து, "படிச்சவங்க, ஏதோ மனக்கஷ்டம்" என்றார்.

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த முழு ஆதரவாளரிடம் அந்தப் பதினேழு வயதுப் பெண் வந்து நின்றாள்.

"அங்கிள், அந்தத் தண்ணி எனக்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேலதான் வரும்."

"பாத்தியா? இனிமே உங்கம்மாவுக்குப் பயமே இல்ல" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

நர்ஸ் அம்மா மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்றார். பயிற்சியாளர்தான் பேசினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"சார், நீங்க எதிர்த்தே பேசியிருக்கலாம். நான் பதில் சொல்லியிருப்பேன்."

முழு ஆதரவாளர் முகத்தில் நிஜமான வலி தெரிந்தது. "ஏம்மா, நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

சொல்லவில்லைதான். கோர்ட்டுக்குப் போனாலும் அவர் பக்கம்தான் தீர்ப்பாகும்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவும் மகளும் பஸ் ஏறவில்லை. அம்மா ரொம்ப நாளுக்குப் பிறகு மத்தியானம் தூங்கினார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நல்லதுதானே என்றும் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு, உங்கள் சங்கத்தில், உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருப்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். கூடவே, உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் என்றைக்கோ ஓர் ஆசையோடு உங்கள் முன்னால் வந்து நின்றதையும் நினைத்துப் பாருங்கள். நீங்கள் மறுத்திருக்க மாட்டீர்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. எத்தனை அடி ஆழம் கேட்டு வந்தார், எத்தனை அடியோடு திரும்பிப் போனார் என்று மட்டும் மனதுக்குள் அளந்து பாருங்கள்.

அவரிடமே போய்க் கேட்டுவிடாதீர்கள். 'நீங்க எனக்கு எப்பவுமே ரொம்ப ஆதரவு' என்றுதான் சொல்வார்.