நடுவில் பொட்டு வைத்த போர் விமானம்

பெண் பார்க்கும் வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கி வைத்திருக்கும் கைவேலைகளில் பாதி, அந்தப் பெண் செய்தவை அல்ல. மீதிப் பாதி, அவள் ஆரம்பித்து வேறு யாரோ முடித்துக் கொடுத்தவை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஊர் வழக்கம் அப்படி. என் விஷயத்தில் வயர் கூடை, சாட்டின் துணியில் தைத்த மயில், முத்துக் கோத்துச் செய்த மான் மூன்றும் என் தங்கை தேன்மொழி செய்தவை. அவற்றுக்குப் பக்கத்தில் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். (வெட்கம் என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பயம்.)

"எல்லாம் செல்வி செஞ்சதுதாங்க. கை சும்மாவே இருக்காது" என்றாள் அம்மா.

கை சும்மா இருக்காது என்பது உண்மைதான். எதையாவது உடைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா அந்த மயிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தக் கைவேலைக்கே பொண்ணு எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் கோட்டுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டேன். எழுபதுகளின் கடைசியில் நடந்த கதை இது.

மாமா பிரெஞ்சு பென்ஷன்காரர். அந்தக் காலத்துச் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். போர் நடந்த வருஷங்களில் சைகோன் விமானதளத்தில் மெக்கானிக்காக இருந்தாராம். கூடத்தில் அதற்குச் சாட்சியாக மங்கிப்போன புகைப்படம் ஒன்று தொங்கியது. ஒரு விமானத்தின் இறக்கைக்குக் கீழே மாமா சீருடையில் நிற்பார், கையில் நீளமாக ஏதோ இருக்கும். "ஸ்பேனர்" என்பார் மாமா. அவர் முறுக்கிய திருகாணியை நம்பித்தான் அத்தனை விமானங்களும் மேலே போய்க் கீழே வந்தனவாம். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. அத்தை மட்டும் கதை தொடங்கியதும் காபி போட எழுந்து போய்விடுவார்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் லூர்துசாமி வந்து சேர்ந்தார். மாமாவோடு சைகோனில் ஒன்றாக இருந்தவர். அத்தனை வருஷமும் பிரான்சில் இருந்துவிட்டு, அப்போதுதான் கோவில்பத்தில் வீடு கட்டிக் குடிவந்திருந்தார். பாரிசில் இருக்கும் என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், தன் அப்பாவுக்கு என்று அவர் கையில் ஒரு பொருள் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு போர் விமானத்தின் மாதிரி. விமானமாக இல்லை, துண்டு துண்டாக. நாமே ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். பெட்டி இடத்தை அடைக்கிறது என்று லூர்துசாமி அதை அங்கேயே எறிந்துவிட்டு, உள்ளே இருந்ததை மட்டும் வேட்டிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"அந்தக் காலத்துல நம்ம தளத்துல நின்ன அதே மாடல்யா ரத்தினம்" என்றார் லூர்துசாமி மாமாவிடம். "நீதான் பெரிய மெக்கானிக்காச்சே, ஒட்டி வை. ஜூலை பதினாலுக்குச் சாப்பிட வர்றப்பப் பாக்குறேன்." சொல்லிவிட்டு ஏனோ ஒரு சிரிப்புச் சிரித்தார்.

மாமா அந்தத் துண்டுகளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். அதுவரை நடுங்காத கைகள் அப்போது நடுங்கத் தொடங்கின.

"எனக்கு எங்கய்யா? கை உதறுது. நம்ம செல்வி செஞ்சிடும். கைவேலையில புலி."

புலி கூண்டில் மாட்டிக்கொண்டது. முடியாது என்றால் மயிலின் கதை வெளியே வந்துவிடும். மயில் போனால் மான், மான் போனால் கூடை, கடைசியில் அம்மாவின் மானம். பொய் சொல்லிக் கட்டி வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு கோட்டுச்சேரி வரைக்கும் போகும். தேன்மொழியை வரவழைக்கலாம் என்றால் அவளுக்கு அம்மை வார்த்திருந்தது. "சரிங்க மாமா" என்று துண்டுகளை வாங்கிக்கொண்டேன்.

மதியம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு வேலையைத் தொடங்கினேன். சின்னச் சின்னத் துண்டுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது முருங்கைக்கீரை சமாச்சாரம். நகவெட்டியை எடுத்து எல்லாவற்றையும் ஆய்ந்து முறத்தில் போட்டேன். வெறும் சட்டத்தை ஒடித்து வெந்நீர் அடுப்புத் தணலில் எறிந்தேன். இவ்வளவு சுத்தமாகச் செய்த பிறகுதான் செய்முறைத் தாளைப் பிரித்தேன். பதினேழை எட்டோடு சேர், முப்பத்திரண்டை ஐந்தின் மேல் வை என்று படம் போட்டிருந்தது. பதினேழு எது, எட்டு எது என்று முறத்தில் தேடினேன். எண்களெல்லாம் சட்டத்தில் அச்சடித்திருந்தார்களாம். சட்டம் அதற்குள் அடுப்பில் உருகி நாறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததை ஒட்டுவது என்று சொல்ல முடியாது. எது எதோடு பொருந்துகிறதோ அதை அதோடு கட்டி வைத்தேன். (கல்யாணத் தரகர்களும் இப்படித்தானே செய்கிறார்கள்.) பசையை வேறு தாராளமாகப் பிதுக்கிவிட்டேன். சுற்ற வேண்டிய முன் விசிறி அப்படியே இறுகிப்போனது. விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி மூடியில் என் கட்டைவிரல் ரேகை பத்திரம் பதிவு செய்ததுபோலப் பதிந்தது. சக்கரம் இரண்டில் ஒன்று கீழே இறங்கியும் மற்றது மடங்கியும் நின்றன. உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டி மூடி, பெருமூச்சு விட்டுப் பார்த்தால் முறத்தில் பதினொரு துண்டுகள் மிச்சம். அதில் ஒன்று விமானி.

விமானி இல்லாமலே விமானத்தை மூடிவிட்டேன். தொப்பியும் கண்ணாடியும் போட்டு, உட்கார்ந்த வாக்கில், விரல்நகம் அளவில் ஓர் ஆள், முறத்தில் மல்லாந்து கிடந்தார். எறிய மனம் வரவில்லை. தாளிப்பது என் வேலை, அஞ்சறைப்பெட்டியை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. பதினொரு துண்டுகளையும் கடுகுக்கு அடியில் புதைத்து வைத்தேன்.

அடுத்தது சின்னங்கள். இறக்கையில் ஒட்ட வேண்டிய நீலம், வெள்ளை, சிவப்பு வட்டங்கள் ஒரு தாளில் அச்சாகியிருந்தன. என் வீட்டுக்காரர் பள்ளியில் கொஞ்சம் பிரெஞ்சு படித்தவர். மின்சார ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் செய்முறையை ஒரு பார்வை பார்த்து, "தண்ணில ஊறப் போடணுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொன்றாக வெட்டி ஒரு நிமிஷம் போட வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. நான் முழுத்தாளையும் ஒரு கிண்ணத்தில் பயறு ஊற வைப்பதுபோல ஊற வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"அத்தை, இதுல இருந்த தண்ணி?"

"அழுக்குத் தண்ணியா கெடந்துச்சு, தூம்புல ஊத்திட்டேன். ஏம்மா?"

"ஒண்ணுமில்லைங்க அத்தை."

சாக்கடை வழியாக பிரெஞ்சு விமானப்படையின் சின்னம் கடலுக்குப் போய்விட்டது. இனி நானே வரைய வேண்டும். மூன்று நிறங்கள் என்பது நினைவில் இருந்தது. எது நடுவில், எது ஓரத்தில் என்பது நினைவில் இல்லை. நினைவு எதற்கு? வட்டமாக ஒன்றை வரைந்தால் நடுவில் சிவப்பு வைக்க வேண்டும் என்பது பொட்டு வைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியாதா என்ன. நடுவில் நீலத்தை வைத்தால் முகம் விளங்குமா. கதவுக்கு அடித்து மிஞ்சியிருந்த நீல பெயின்டில் வெளிவட்டம் போட்டேன். உள்ளே சுண்ணாம்பு வெள்ளை. நட்டநடுவில் என் நகப்பூச்சை எடுத்து, சிவப்பாக, லட்சணமாக ஒரு பொட்டு. நகப்பூச்சு பட்ட இடத்தில் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகிக் குழிந்தது. அதுவும் ஓர் அழகாகத்தான் இருந்தது.

மாமா வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார்.

"அச்சு அசல்" என்றார்.

ஒரு மெக்கானிக் வாயால் அப்படிக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒற்றைக்கால் சக்கரத்தையும் சுற்றாத விசிறியையும் ஒரு மெக்கானிக் ஏன் கவனிக்கவில்லை என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். புகழ்ச்சி காதில் விழுந்தால் நான் யோசிக்கிற ஜாதி இல்லை.

பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலு வந்தது. மாமாவும் லூர்துசாமியும் பதக்கங்களைக் குத்திக்கொண்டு காலையில் போர் நினைவுச் சின்னத்துக்குப் போய் மரியாதை செலுத்திவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தார்கள். விமானம் கூடத்து மேசையில், புகைப்படத்துக்கு நேர் கீழே, பின்னல் விரிப்பின் மேல் நின்றது. (விரிப்பும் தேன்மொழி செய்தது.) லூர்துசாமி குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரத்தினம், இது யாரு விமானம்?"

"நம்மளதுதான்."

"நம்மளதுல நடுவுல நீலம், ஓரத்துலதான் சிவப்பு. நடுவுல சிவப்பு வச்சா அது இங்கிலீஷ்காரன் விமானம்."

வருஷம் தவறாமல் பிரான்சுக்காகப் பதக்கம் குத்திக்கொள்ளும் வீட்டில், பிரான்சின் நாளில், இங்கிலீஷ்காரன் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். மாமா அசரவில்லை.

"தெரியும். இது நாங்க பிடிச்ச விமானம்."

"பிடிச்சீங்களா? எப்ப?"

"நீ லீவுல ஊருக்கு வந்திருந்தே."

லூர்துசாமி மறுபடியும் அந்தச் சிரிப்பைச் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன். மாமா மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் வந்தது. மருமகளுக்காகப் பொய் சொல்லும் மாமனார் யாருக்குக் கிடைப்பார்?

மீன் குழம்பு முடிந்தது. ரசம் ஊற்றினேன். லூர்துசாமி ஒரு கவளம் எடுத்தவர் நிறுத்தி, இலையிலிருந்து எதையோ இரண்டு விரலால் பொறுக்கித் தூக்கினார். கறிவேப்பிலை, மிளகாய் இவற்றோடு, தொப்பி போட்டு, எண்ணெயில் சுருண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே ஓர் ஆள்.

விருந்தாளி வருகிறார் என்று அன்றைக்கு அத்தையே தாளித்திருக்கிறார். அதுவும் கண்ணாடி போடாமல்.

"விமானத்தை மட்டுமில்ல, ஓட்டுனவனையும் பிடிச்சிருக்கீங்க" என்றார் லூர்துசாமி.

அத்தைக்கு முகமே செத்துவிட்டது. விருந்தாளி இலையில் இப்படி ஒன்று விழுந்ததே என்று கையைப் பிசைந்தார். அவரைத் தேற்றப் போய்த்தான் லூர்துசாமி வாயை விட்டார்.

"அட விடுங்க தங்கச்சி. யாரு சமையல்லயும் ஏதாச்சும் விழுறதுதான். ரத்தினம் ஒருத்தன்தான் அதுக்கு விதிவிலக்கு. மூணு வருஷம் அவன் கையால தின்னேன், ஒரு தலைமுடி கெடந்ததில்ல."

"யாரு கையாலங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

லூர்துசாமி மாமாவைப் பார்த்தார். மாமா ஊறுகாயைப் பார்த்தார்.

"சொல்லலியாய்யா நீ? நான்தான்பா மெக்கானிக். உங்கப்பா எங்களுக்குச் சமையல்காரரு. தளத்துலயே பெரிய கை. தளபதிக்கே அவரு வைக்கிற சூப்புதான்."

"அப்ப அந்தப் படத்துல, ஸ்பேனர்…"

"அகப்பை" என்றார் லூர்துசாமி.

மாமா நிமிராமலே சொன்னார். "மெக்கானிக்குக்கும் பசிக்கும்ல. யாராச்சும் ஆக்கிப்போட்டாத்தானே அவன் திருகாணி முறுக்குவான்." அந்தப் பெரிய மீசைக்குப் பின்னால் அவர் அவ்வளவு சின்னதாகிப் போனதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் மாட்டிக்கொண்டிருந்தால் எப்படி நின்றிருப்பேனோ அப்படி உட்கார்ந்திருந்தார். ரசச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"மாமா, அந்த மயில் நான் தைக்கலைங்க. மானும் கூடையும்கூட நான் செய்யலை. எல்லாம் தங்கச்சி செஞ்சது."

"அது எனக்கு கல்யாணத்துக்கு மறுவாரமே தெரியும்" என்றார் அத்தை. "நீ ஊசியில நூல் கோக்குறேன்னு அரைமணி நேரம் நின்னியே, அன்னைக்கே."

பிறகு மாமா பக்கம் திரும்பினார். "உங்க சேதியும் தெரியும். பெரியவன் பொறந்தப்ப நான் எழுந்திருக்க முடியாமக் கெடந்தேன், நீங்க ஒரு ரசம் வச்சுக் குடுத்தீங்க. ஸ்பேனர் பிடிச்ச கையி அப்படி ரசம் வைக்காது."

"தெரிஞ்சும் ஏண்டி கேக்கலை?"

"பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பாகிட்ட மெக்கானிக்குன்னு சொன்னீங்க. சொன்ன வாய்க்கு மரியாதையா இருக்கட்டுமேன்னு விட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. முப்பது வருஷமா நான் ஒருத்தி அடுப்பை ஊதிக்கிட்டிருக்கேன், தளபதிக்குச் சமைச்ச ஆளு கூடத்துல உக்காந்து காப்பி கேட்டுக்கிட்டிருக்காரு."

முதலில் சிரித்தது மாமாதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். விஷயம் வெளியே வந்துவிட்ட நிம்மதி அவருக்கு. எனக்கும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அத்தை கரண்டியை மாமா கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு பதினாறு வருஷம், ஞாயிறு தோறும் எங்கள் வீட்டில் தளபதி சாப்பாடு. லூர்துசாமி ஒரு வாரமும் தவறவிடவில்லை. என்னை மட்டும் யாரும் எதையும் ஒட்டவோ தைக்கவோ சொன்னதில்லை. அறுந்த பொத்தானை என் வீட்டுக்காரர் இன்றைக்கும் தானேதான் தைத்துக்கொள்கிறார்.

மாமா போன பிறகு அந்த மாதிரி ரசம் எங்கள் வீட்டில் யாருக்கும் வாய்க்கவில்லை. எனக்கு அது பெரிய குறை. ஆனால் எங்கள் வீட்டில் சம்பந்தம் பேசுகிற முறை மட்டும் அன்றோடு மாறிப்போனது. என் மகளுக்கு வரன் பார்த்தபோது தரகர் ஒருவர் வந்து, பாரிசில் ஒரு பையன் இருப்பதாகச் சொன்னார்.

"ஏர்போர்ட்ல பெரிய வேலைங்க. அவரு கை படாம அங்க ஒரு விமானம் கிளம்பாது."

எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த அத்தை வெற்றிலையை மடித்தபடியே கேட்டார். "அவரு ரசம் வச்சா எப்படி இருக்கும்?"

தரகர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு ஜாதகத்தை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

"உங்களுக்கு யாருங்க சொன்னது?"

அந்த இடத்தையே பேசி முடித்தோம்.