டொமினிக் மாஸ்டர் வரைந்த முகம்

உள்ளதை உள்ளபடி வரைகிற ஓவியர் என்றொரு பிறவி உண்டு. ஒரு முகத்தில் அவர் முதலில் தேடுவது சுருக்கம். இரண்டாவதாகத் தேடுவதும் சுருக்கம்தான். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக உறங்கி, பளிச்சென்று யாராவது வந்து நின்றால் அவருக்குத் தூரிகை ஓடாது.

விடத்தல்தீவு டொமினிக் மாஸ்டர் இந்த இனத்தில் மூத்தவர். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில் கலியாணப் பதாகைகளில் மாப்பிள்ளைமாரைச் சிவப்பாக்கியவர்; மீள்குடியேறி ஊருக்கு வந்தபின், அவர் வரைந்த ஒரு கிழவரின் படத்தைப் பார்த்து வெளிநாட்டு அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துவிட்டுப் போக, அன்றே யதார்த்தவாதி ஆனார். அதற்குப் பிறகு கறுப்பும் மண்ணிறமும் தவிர வேறு சாயம் வாங்குவதில்லை.

மன்னார் நகரக் கண்காட்சிக்கு அவருக்கு ஒரு முகம் குறைந்தது. பக்கத்து வளவுப் பெற்றிசியா சம்மதித்தார்.

"எனக்கும் ஒரு கொப்பி வேணும் மாஸ்டர். மண்டபம் முகாமிலை இருக்கிற தங்கச்சிக்கு அனுப்ப. ஊருக்கு வாறதோ விடுறதோ எண்டு மூண்டு வருசமா யோசிக்கிறாள். நான் நல்லா இருக்கிறதைக் கண்டாளெண்டா வந்திடுவாள்."

ஞாயிறு பூசை முடிந்து, மயில்நீலச் சேலையோடு, புது வீட்டு வாசலில் கதிரை போட்டு அமர்ந்தார். வாய் நிறையச் சிரிப்பு.

"சிரிக்காதைங்கோ."

"ஏன் மாஸ்டர்?"

"இயற்கையா இருக்கோணும்."

"நான் இயற்கையாத்தானே சிரிக்கிறன்!"

மாஸ்டர் கேட்பாரா? சேலையை மாற்றிப் பழைய வீட்டுச்சட்டை போடச் சொன்னார், கதிரையைத் தூக்கிப்போய் ஷெல் குண்டு பட்ட மதிலின் முன்னால் வைத்தார், இரண்டு மணித்தியாலம் வெயிலில் இருத்தினார், பெற்றிசியா களைத்துப்போய்க் கண்ணைச் சுருக்கிய கணத்தில், "அசையாதைங்கோ, இதுதான் நீங்கள்!" என்று கத்தினார்.

படம் பிரமாதம். நரைமயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆளைத்தான் தெரியவில்லை. கண்காட்சியில், மயில்நீலச் சேலையில் படத்தின் பக்கத்திலேயே நின்ற பெற்றிசியாவிடம் ஒருவர் மெல்லக் கேட்டார்: "இந்த அம்மா இப்ப உயிரோடை இருக்கிறாவோ?"

மறுநாள் படம் முகநூலேறி மண்டபத்துக்குப் போனது. தங்கை கிறிஸ்ரினா தொலைபேசியில் அழுதாள்.

"அக்கா, நீயே இந்தக் கோலத்திலை இருந்தா, நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு என்னெண்டு வாறது?"

"அடியே, நான் நல்லா இருக்கிறன். இந்தா, கேள்!" பெற்றிசியா சிரித்துக் காட்டினார்.

"எனக்காகப் பொய்க்குச் சிரிக்காதை அக்கா. நாங்கள் வரேல்லை."

பெற்றிசியா நேரே மாஸ்டரிடம் போனார். "அவள் வரமாட்டாளாம் மாஸ்டர். உங்கடை படத்தைப் பாத்திட்டு." குரல் உடைந்து, கண் நிறைந்துவிட்டது.

மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பிடியே நில்லுங்கோ," என்று தூரிகையை எடுத்தார். "இப்பதான் படத்திலை இருக்கிற மாதிரியே இருக்கிறீங்கள்."

இப்படியும் ஒரு மனிதரா என்று நீங்கள் கோபப்படலாம். படுங்கள். ஆனால் மன்னார், மீள்குடியேற்றம் என்று படித்ததுமே அழுகை எந்த வரியில் வரும் என்று பார்த்துக்கொண்டே வந்து, கிறிஸ்ரினா அழுத இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தவர் யார்?