கேட்டுக் கேட்டே ஏறிய வீட்டு விலை

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

அங்கே எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதப் பார்த்தேன், பேனாவே சிரிக்கிறது. இதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். முக்கியமாக, உங்கள் தங்கைக்குத் தெரியவே கூடாது.

வீட்டு விலை எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று கணக்கெடுப்பது என் உத்தியோகம். பத்திரத்தில் போடும் விலை பாதிப் பொய் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே நாற்பது வீடுகளுக்குப் போய், "இன்றைக்கு விற்றால் என்ன விலை சொல்வீர்கள்?" என்று கேட்டு எழுத வேண்டும். முப்பத்தொன்பது வீடு பிடித்தேன். நாற்பதாவதுக்கு முழங்கால் வரமாட்டேன் என்றது. நான் குடியிருக்கும் வீட்டையே பட்டியலில் சேர்த்தேன். மாடிப்படி இறங்கினால் வேலை முடிந்தது, என்ன மூளை என்று என்னையே தட்டிக்கொடுத்தேன்.

கீழே இருக்கும் வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர், விற்கும் நினைப்பே இல்லாத மனிதர். முதல் தடவை, "வீட்ட எதுக்கு சார் விக்கணும்? சும்மா இருபது லட்சம்னு போட்டுக்குங்க" என்றார். இரண்டாவது தடவை கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "மறுபடியும் கேக்குறீங்களே, ரோடு கீடு வருதா?" இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். ஆபீஸ் ஆள் 'இல்லை' என்று சொன்னால் 'இருக்கிறது' என்று அர்த்தமாம், விலை இருபத்தெட்டு ஆனது. மூன்றாவது தடவை நான் வாயைத் திறக்கும் முன்பே "முப்பத்தஞ்சு!" பட்டியலில் உள்ள எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலிலிருந்து, "அப்ப எனக்கு முப்பத்தாறு போடுங்க" என்று கத்தினார். ஆபீஸ் கணக்கில் என் தெரு மட்டும் ஏணி மாதிரி ஏறுகிறது. அதிகாரி, "நல்ல உழைப்பு" என்றார்.

போன வாரம் வீட்டுக்காரர் வாசலில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை மாட்டினார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? நான்தான். "நீங்க கேட்டுக் கேட்டுத்தான் சார் எனக்கே ஆசை வந்துச்சு" என்று நன்றி வேறு. அன்றிலிருந்து படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிடுகிறேன். நேற்று இரண்டு பேர் வந்து எங்கள் சமையலறையை டேப் வைத்து அளந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன், கதவையும் அளந்தார்கள். காலி பண்ணச் சொன்னா எங்க போறது மச்சான்? இந்த ஊர்ல என் சம்பளத்துக்கு வீடு கிடைக்காது, விலைய எழுதுறதே நான்தானே! உங்கள் தங்கையோ, "என்னங்க, ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கலாமா?" என்கிறாள். பாவம், ஒன்றும் தெரியாது.

ஆகவே, நீங்கள் வாங்க வந்தவர் போல நடித்து, பத்து லட்சத்துக்குக் கேட்டு, அவர் ஆசையில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தங்கள்.

அடுத்த கடிதம் எந்த விலாசத்திலிருந்து என்று தெரியாத,
உங்கள் மாப்பிள்ளை.

பி.கு.: உறை ஒட்டும்போது வீட்டுக்காரர் வந்தார். முன்பணம் வாங்கிவிட்டாராம், முப்பத்தைந்துக்கே. கொடுத்தது நீங்களாம்! எங்கள் ஆபீஸ் அச்சடித்த கணக்கை நம்பி வாங்கினீர்களாம். அளந்தவர்கள் உங்கள் ஆட்களாம். உங்கள் தங்கைக்குப் போன வாரமே தெரியுமாம். படித்துவிட்டுக் கிழிக்கச் சொன்னேன் அல்லவா? கிழித்துவிட்டுப் படியுங்கள். இன்னொன்று. பட்டியலில் வீட்டை மாற்ற விதி இல்லை. அடுத்த மாதம் உங்களிடமும் வந்து, இன்றைக்கு விற்றால் என்ன விலை என்று நான் கேட்டே ஆக வேண்டும். உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன் மச்சான், பதில் மட்டும் சொல்லுங்க, விக்கலாமான்னு யோசிக்காதீங்க.