மந்திரித்த யூபிஎஸ்ஸும் வத்தளை மேல்மாடி அறையும்

பசறை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பும் பொறுமையும் உள்ள மச்சான் றொபின்சனுக்கு,

உங்கள் அத்தான் யாகோப்பு எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா சூசையம்மாவும் மகள் ஜெசீகாவும் அந்தோனியார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உங்கள் அக்காவுக்கு முழங்கால் வலி, எனக்கு பிரஷர். அவை இரண்டும் சுகமாகவே இருக்கின்றன. அங்கு நீங்களும் தங்கச்சி சஜீவனியும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்பீர்கள். போனில் நான் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வசனத்தில் உங்கள் அக்கா போனை வாங்கிக்கொள்கிறார். அதற்குப் பிறகு நான் சொல்ல வந்தது வேறொன்றாகி உங்களிடம் வந்து சேர்கிறது. ஆகவே எழுத்தில் தருகிறேன். ஜெசீகாவுக்காக உங்கள் மேல்மாடி அறையை ஒழித்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். பெரிய மனசு. ஆனால் அது இனித் தேவைப்படாது. தங்கச்சியின் தையல் மெஷினைப் பழையபடி அங்கேயே கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். காரணத்தை ஒழுங்காக எழுதுகிறேன்.

ஜெசீகா செய்யும் வேலை உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கொழும்பிலுள்ள ஒரு கம்பனிக்காக, நம் முன்னறையில் கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்து, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஹோட்டலில் ரூம் கேட்டுப் பேசுகிறவர்களுக்கு இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். பேசுகிறவர்கள் இவள் அந்த ஹோட்டலுக்குள்ளேயே நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். பின்னால் நம் வீட்டுச் சேவல் கூவினால் இன்னும் சந்தோஷப்பட்டு இரண்டு நாள் கூடுதலாகப் பதிந்துகொள்கிறார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கரண்டு ஒன்றுதான் குறை. எங்கோ பெரகலயில் ஒரு கிளை முறிந்தாலும் பசறையில் இருட்டு என்பது உங்கள் அக்காவின் கணக்கு. அது போதாதென்று தோட்டத்து பெக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட்டுகிற பெரிய காற்றாடிகளைப் போட்டதும் எங்கள் பல்பு மங்கிவிடும். கொழுந்து நிறைய வந்த நாளில் வீட்டில் வெளிச்சம் குறைவு. மங்கினாலே கம்ப்யூட்டர் படுத்துவிடும், பேசிக்கொண்டிருந்தவர் நடுவழியில் நிற்பார். இவளுக்கு மேலே இருக்கும் ஷம்ரா மிஸ் கொழும்பிலிருந்து பேசி, "இப்படியே போனா உங்கள நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுத ஏலாது, ஒரு யூபிஎஸ் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டாராம். அந்த வாரம்தான் நீங்களும் போன் எடுத்து, "வத்தளையில கரண்டு போறதே இல்ல அத்தான், புள்ளைய இங்க அனுப்புங்க" என்றீர்கள். உங்கள் அக்கா உடனே பரணிலிருந்து சூட்கேசை இறக்கி வெயிலில் வைத்தார். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினேன். இருப்பது ஒரே பிள்ளை, அவளை அனுப்ப எனக்கு மனசில்லை. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

நான் முப்பது வருஷம் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவன். எதையும் அளவு கேட்காமல் வாங்கிப் பழக்கமில்லை. ஆகவே முதல் கடையில், "கரண்டு போனால் இது எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டேன். பத்து நிமிஷம் என்றார்கள். அடுத்த கடையில் அதே பெட்டி, அதே நிறம், அரை மணித்தியாலம் என்றார்கள். அதற்கடுத்த கடையில் ஒரு மணித்தியாலம். வீதியில் கீழே இறங்க இறங்க நேரம் கூடிக்கொண்டே போனதால், பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தால் ஒரு நாள் முழுக்கத் தாங்குகிற யூபிஎஸ் கிடைக்கும் என்று தோன்றியது. கடைசியில் நிஸாம் என்கிற ஒரு தம்பியின் கடையில் நின்றேன். அவர் ஒருவர்தான் என்னிடம் திருப்பிக் கேள்வி கேட்டார். கம்ப்யூட்டர் எவ்வளவு இழுக்கும், வைபை பெட்டியையும் சேர்க்கிறதா, லைன் மங்குமா என்று வரிசையாக விசாரித்தார். நோயாளியை விசாரிக்காமல் மருந்து கொடுக்காத ஆளைப் பார்த்ததில் எனக்கு மரியாதை வந்து, அவர் காட்டிய சின்னப் பெட்டியையே வாங்கிவிட்டேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது வளைவில் என் முழங்கை பட்டு சுவிட்ச் அமுங்கிவிட்டது. பெட்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தினார். பக்கத்தில் இருந்த அம்மா எழும்பிப் போய் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் பெட்டியைப் பிரித்து, இது கரண்டு இல்லாதபோது கத்துகிற சாமான், பஸ்ஸில் கரண்டு இல்லாததால் கத்துகிறது என்று விளக்கினேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் பசறை வரும்வரை என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

இனி வருகிற இடத்தில் உங்கள் அக்காவைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், நடந்ததை எழுதுகிறேன். நம் வீட்டில் புதுச் சாமான் எதையும் கோயிலில் மந்திரிக்காமல் பாவிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல் பாதரை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் ஞாபகம் இருக்கும். இதற்கும் பாதர் வந்தார். நான் பிளக்கைக் கழற்றப் போனேன். "கழட்டாதீங்க, பச்ச லைட்டு எரியட்டும். உயிரோட இருக்கிறப்பதான் ஆசீர்வாதம் புடிக்கும்" என்று உங்கள் அக்கா தடுத்துவிட்டார். பாதர் நல்ல மனிதர், அழகாக ஜெபம் சொன்னார். தீர்த்தம் தெளிக்கிற விஷயத்தில் அவருக்குத் தாராளமான கை. அந்தப் பெட்டிக்குத் தலையில் வரிசையாகக் காற்றுத் துவாரங்கள். டப் என்று ஒரு சத்தம் கேட்டது, வீட்டில் உள்ள கரண்டு மொத்தமும் விழுந்தது, ஒரு மெல்லிய புகை சாம்பிராணியோடு சேர்ந்து மேலே போனது. பாதர் "ஆமென்" என்று முடித்துவிட்டு, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். நோயாளி இறந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை என்பதால் நானும் உட்கார்ந்தேன்.

மறுநாள் பெட்டியைத் திரும்ப பதுளைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நிஸாம் தம்பி திறந்து பார்த்தார். "ஐயா, உள்ளுக்கு தண்ணி பட்டிருக்கே."

"தண்ணி இல்ல தம்பி, தீர்த்தம்" என்றேன். பொய் சொல்ல முடியாத இடம்.

அவர் வாரண்டி அட்டையை எடுத்து இரண்டு பக்கமும் வாசித்தார். "இதில தண்ணி எண்டுதான் போட்டிருக்கி. என்ன தண்ணி எண்டு போடல்ல. கேட்டுப் பாக்கிறேன்." கம்பனிக்காரனிடம் எப்படிக் கேட்டாரோ, என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் கூப்பிட்டு, கொஞ்சம் காசு மேலே போட்டு, இரண்டு பேட்டரி உள்ள பெரிய பெட்டியாக எடுத்துப் போகச் சொன்னார். இந்த முறை பாதர் தூரத்தில் நின்று கையால் மட்டும் சிலுவை வரைந்தார். அதுவும் என் வேண்டுகோளின் பேரில்.

பெரிய பெட்டி நன்றாகவே வேலை செய்தது. அதுதான் அடுத்த கஷ்டத்துக்குக் காரணம். கரண்டு போனதும் பெட்டி பீப் என்று கத்தும், அந்தச் சத்தம் கீழ் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கும். யாகோப்பு டாக்டர் ஐயா வீட்டில் கரண்டு இருக்கிறது என்பதற்கு அதுவே அறிவிப்பாகிவிட்டது. விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கூடுகிற மாதிரி ஆட்கள் வயரும் கையுமாக வருவார்கள். வாசலில் வந்து, "ஐயா, போன் செத்துப்போச்சுங்க" என்று நிற்கிறவர்களிடம் இல்லை என்று சொல்ல இந்தப் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை. போன்களால் ஆபத்தில்லை, பெட்டி தாங்கிக்கொண்டது. ஒரு நாள் பொழுது சாயும் நேரம் கரண்டு இல்லை. பக்கத்து வீட்டு இராக்கம்மாவுக்கு சம்பந்தி வீட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் வந்துவிட்டார்கள், அடுப்புக்கு கேஸும் முடிந்துவிட்டது. உங்கள் அக்கா, "அதுக்கென்ன, நம்ம ரைஸ் குக்கர்ல போட்டுத் தாறேன்" என்று சொல்லி, குக்கரைக் கொண்டுவந்து யூபிஎஸ்ஸில் சொருகிவிட்டார். பெட்டி ஒரே மூச்சாக அலறிவிட்டு மூச்சை விட்டது. அந்த நேரம் ஜெசீகா, மகளின் கல்யாணத்துக்கு முழு ஹோட்டலையும் கேட்டு வந்த ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"பச்ச லைட்டு எரிஞ்சுதே, கரண்டு இருக்குன்னுதானே நெனச்சேன்" என்றார் உங்கள் அக்கா. அதில் நியாயம் இருக்கிறது. இராக்கம்மாவின் விருந்தாளிகள் கடையிலிருந்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். ஜெசீகா ஒன்றும் சாப்பிடவில்லை. ஷம்ரா மிஸ் கோபப்படாமல் பேசினாராம், அதுதான் பயம் என்றாள். இன்னொரு தடவை லைன் விழுந்தால் வேலை போய்விடும், இதற்கு மேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாராம். நீங்கள் அறையை ஒழிக்கத் தொடங்கியது அப்போதுதான். சூட்கேசுக்குள் உடுப்பு போனதும் அப்போதுதான். நான் அதைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தேன்.

பெட்டியைத் திரும்ப உயிர்ப்பித்த பிறகு ஒன்று யோசித்தேன். பெட்டியில் பிழையில்லை. அதைக் கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல என்னால் முடியாததுதான் பிழை. ஆகவே எனக்குப் பதிலாகச் சொல்ல ஒன்றைத் தேடினேன். டிஸ்பென்சரியை விட்டு வரும்போது கொண்டுவந்த மருந்துப் பெட்டியில் பழைய லேபல் ஒரு கட்டு இருந்தது, சிவப்பு எழுத்தில் "நஞ்சு" என்று போட்டது. யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டருக்கும் வைபைக்கும் உள்ள ஓட்டைகளை விட்டுவிட்டு மற்ற ஓட்டைகளுக்குப் புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் போட்டு, அதன்மேல் இந்த லேபலை ஒட்டினேன். இந்தச் சனம் முப்பது வருஷமாக என் லேபலுக்குக் கட்டுப்பட்டது. மறுநாள் கரண்டு போனபோது இராக்கம்மா போனும் வயருமாக உள்ளே வந்து, குனிந்து பார்த்து, "ஐயா ஒட்டிட்டாருன்னா ஒட்டுனதுதான்" என்று சொல்லி, ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். மனஸ்தாபம் ஒன்றுமில்லை. உங்கள் அக்காகூட அதைத் தொடுவதில்லை. துடைக்கும்போதும் தள்ளி நின்றே துடைக்கிறார்.

வியாழக்கிழமை காற்றடித்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். மலை முழுக்கக் கரண்டு இல்லை, கொழும்பிலும் பல இடத்தில் இல்லையாம். வீட்டிலிருந்து வேலை செய்கிற மற்றப் பிள்ளைகள் எல்லோரும் ஒவ்வொருவராக லைனிலிருந்து விழுந்துவிட்டார்கள். பெட்டி கத்திக்கொண்டே இருந்தது. ஜெசீகா அதற்குமேல் ஒரு தலையணையை வைக்கப் பார்த்தாள், சூடாகிவிடும் என்று நான் விடவில்லை. ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, பயணம் ரத்தாகிப் பதறிய அத்தனை பேருக்கும் பதில் சொன்னாள். நான் பக்கத்துக் கதிரையில் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். என் பிள்ளை இவ்வளவு தன்மையாகப் பேசுவாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கரண்டு வரும்வரை ஒருதரம்கூட விழவில்லை. ஷம்ரா மிஸ் தானே கூப்பிட்டு நன்றி சொன்னாராம்.

ஆகவே மச்சான், வேலைக்கும் ஆபத்தில்லை, பிள்ளையும் வீட்டோடு இருப்பாள். சூட்கேசை நானே பரணில் ஏற்றிவிட்டேன். அறை கொடுக்க முன்வந்ததற்கு நன்றி. யூபிஎஸ் வாங்குகிற எண்ணம் உங்களுக்கும் இருந்தால் நிஸாம் தம்பியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் முத்தமும் ஆசீர்வாதமும். மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்திருப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்
யாகோப்பு

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது ஜெசீகாவுக்கு போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுகிறார்களே, ஏதோ பிழை நடந்துவிட்டது என்று பயந்தேன். பிழையில்லை. வியாழக்கிழமை அத்தனை பேரும் விழுந்தபோது இவள் ஒருத்திதான் நின்றாள் என்பதால் நிரந்தரமாக்கிவிட்டார்களாம். அதோடு, வீட்டிலிருந்து வேலை செய்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பொறுப்பாகவும் போட்டிருக்கிறார்களாம். பொறுப்பாக இருக்கிறவர் கொழும்பு ஒபிசில் இருக்க வேண்டுமாம். வத்தளையிலிருந்து தினமும் போய்வரலாம் என்கிறாள், வருகிற ஞாயிறு பஸ்.

ஆகவே தையல் மெஷினை வைத்திருந்தால் தயவுசெய்து மறுபடி இறக்கிவிடுங்கள். மேலே எழுதியதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன், கை ஓடவில்லை. கொஞ்சம் மோசமான யூபிஎஸ் ஒன்று வாங்கியிருக்கலாம். இதை நிஸாம் தம்பியிடம் சொல்ல வேண்டாம், அவர் மனம் வருத்தப்படுவார்.

"சந்தோஷந்தானே அப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன், சந்தோஷம்தான். மச்சான், சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் குளிர் நெஞ்சில் பட்டால் இருமல் பிடித்துவிடும். வத்தளையில் குளிர் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரவில் ஒருதரம் எட்டிப் பார்த்துப் போர்த்திவிடச் சொல்லுங்கள்.